பாலத்தில் விழும் கனவு: ஒலி கேட்டுத் தூங்கினால் நின்றுவிடுமா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறை என்ற ஊரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 38. பாயான் லெப்பாசில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், இரவு ஷிப்டு முடிந்த அதிகாலையில், நல்ல மழையில், மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலத்தைக் கடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். முன்னால் சென்ற தோழியின் வண்டி சறுக்கியது. இவர் வண்டியும் அதில் மோதி விழுந்தது. இவருக்குத் தோள் எலும்பு முறிந்து, பிறகு கூடிவிட்டது. தோழி பிழைக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரே கனவு, இப்போது வாரத்தில் மூன்று நான்கு இரவுகள். மழை கொட்டுகிறது. பின்னால் ஒரு லாரியின் வெளிச்சம். தோழியின் கையுறை மட்டும் சாலைத் தண்ணீரில் மிதந்து வருகிறது. எடுக்கக் குனிந்தால் காலுக்குக் கீழே பாலம் இல்லை. அலறிக்கொண்டு எழுகிறார். சில இரவுகளில் கண் திறந்திருக்கும், கை கால் அசையாது. "அமுக்குவான் பிடித்திருக்கிறது" என்று மாமியார் ஒருவரிடம் அழைத்துப் போய், 700 வெள்ளி (ரிங்கிட்) செலவில் தாயத்துக் கட்டியிருக்கிறார். கணவர் கூடத்தில் படுக்கிறார். கனவுக்குப் பயந்து இவர் மூன்று மணி வரை கோப்பி குடித்துக்கொண்டு விழித்திருக்கிறார். முடியாத நாளில் அம்மாவின் தூக்க மாத்திரையில் பாதியை விழுங்குகிறார். படபடப்புக்காகப் பக்கத்துக் கிளினிக்கில் கொடுத்த புரோப்ரனலால் மாத்திரையை நான்கு மாதமாகச் சாப்பிடுகிறார்.

அவர் கேட்பவை இவை. தூக்கத்தில் ஒலியைக் கேட்கவைத்துக் கெட்ட கனவைக் குறைத்ததாக சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றைப் பற்றிப் படித்தேன், அது உண்மையா? அதே முறை என்று சொல்லி 2,400 வெள்ளிக்கு ஒரு நெற்றிப்பட்டையும் "சுத்திகரிப்பு அலை" இசையும் விற்கிறார்கள், வாங்கலாமா? கனவை வெளியே சொன்னால் பலித்துவிடாதா? மனநல மருத்துவரிடம் போனால் வேலைக்கு ஆபத்து வருமா? கனவை மாற்றினால், இறந்துபோனவளை மறந்ததாக ஆகாதா? கடைசியாக, கீபோர்டு கற்கும் ஒன்பது வயது மகள் வாசிக்கும் ஒரு சுரத்தையே அந்த ஒலியாக வைத்துக்கொள்ளலாமா?

அன்புச் சகோதரி,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால் ஒன்று. மூன்றாம் பக்கத்தில், மற்ற வரிகளுக்கு நடுவே, "ஒரேயடியாகத் தூங்கிவிட்டால் கனவும் இருக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் தாண்டிப் போக மாட்டேன். நேராகவே கேட்கிறேன்: உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா? வந்தால், அது உங்கள் குணக்கேடும் இல்லை, பாவமும் இல்லை. ஓயாத கெட்ட கனவு அந்த நினைப்பைத் தூண்டக்கூடியது என்பது எங்கள் மனநலத் துறையில் நன்றாகத் தெரிந்த விஷயம். இன்றே கணவரிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. மனம்விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. நினைப்பு வலுத்தால் காத்திருக்காமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அம்மாவின் தூக்க மாத்திரைகளை அம்மாவே பூட்டி வைத்துக்கொள்ளட்டும். இதைச் செய்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

நீங்கள் படித்த ஆய்வு உண்மைதான்

ஜெனீவாவில் நடந்த ஆய்வு அது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. அடிக்கடி கெட்ட கனவு காணும் 36 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் முதலில் ஒரே சிகிச்சை: கனவைப் பகலில் நினைவுகூர்ந்து, அதன் முடிவை நல்லதாக மாற்றி, மாற்றிய கனவைத் தினமும் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பழகுவது. பிறகு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் புதிய கனவை முதன்முதலில் கற்பனை செய்துகொண்டிருந்தபோது பியானோவில் ஒரு சுரக்கூட்டை, அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை, ஒலிக்கவிட்டார்கள். மற்றப் பாதிக்கு அந்த இணைப்பைச் செய்யவில்லை. அதன்பின் இரண்டு வாரம், எல்லோரும் தூங்கும்போது மூளை அலையைக் கண்காணிக்கும் ஒரு நெற்றிப்பட்டையை அணிந்துகொண்டார்கள். கனவுத் தூக்கம் தொடங்கியதை அந்தப் பட்டை கண்டுகொண்டால் மட்டும் பத்து நொடிக்கு ஒருமுறை அதே சுரக்கூட்டை மெல்ல ஒலித்தது.

இரண்டு பிரிவினரின் தலையிலும் ஒரே பட்டை, காதில் ஒரே ஒலி. இணைப்பு இல்லாதவர்களுக்கு வாரத்துக்குச் சராசரியாக 2.6 என்று இருந்த கெட்ட கனவு இரண்டு வாரத்தில் 1 ஆகக் குறைந்தது. பகலில் ஒலியோடு இணைத்துப் பழகியவர்களுக்கு 2.9லிருந்து 0.2 ஆகக் குறைந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் ஒலியோடு இணைத்துப் பழகியவர்களே நன்றாக இருந்தார்கள்.

இந்த எண்களைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஒலியே மருந்து என்றால் இரண்டு பிரிவினருக்கும் ஒரே பலன் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை.

நம் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) மாலையில் மோட்டார் சைக்கிளில் ரொட்டிக்காரர் வருவாரே, அவருடைய ஹார்ன் சத்தத்தை நினைத்துப் பாருங்கள். சத்தம் கேட்டதும் உங்கள் மகளுக்குக் காயா தடவிய ரொட்டி நினைவுக்கு வரும், நாக்கு ஊறும். ஹார்னுக்குள் ரொட்டி இல்லை. பல மாலைகள் அந்தச் சத்தத்தோடு ரொட்டியும் வந்ததால், சத்தம் ரொட்டியைக் கூட்டிக்கொண்டு வருகிறது. ரொட்டியையே பார்த்திராத ஊரில் போய் அந்த ஹார்னை அடித்தால் தெரு நாய்தான் திரும்பிப் பார்க்கும். ஜெனீவாவில் ஒலித்த பியானோவும் அப்படிப்பட்ட ஹார்ன்தான். பகலில் பழகிய நல்ல முடிவைத் தூக்கத்துக்குள் கூப்பிட்டுக் கொடுத்தது.

இது திடீரென்று முளைத்த யோசனையும் இல்லை. 2007இல் ஜெர்மனியில், அட்டைகளின் இருப்பிடத்தை மனப்பாடம் செய்யும்போது ரோஜா மணத்தை முகரவைத்து, ஆழ்ந்த தூக்கத்தில் மறுபடி அதே மணத்தைக் காட்டினார்கள். காலையில் அவர்களுக்கு அட்டைகள் கூடுதலாக நினைவில் இருந்தன. தூக்கத்தில் மூளை அன்றைய சரக்கை அடுக்கி வைக்கிறது. எதை முதலில் எடுக்க வேண்டும் என்று மணமோ ஒலியோ சுட்டிக்காட்ட முடியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 36 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. உங்களைப் போல் ஒரு மரணத்தைக் கண்ணால் கண்டவர்களின் கனவில் இந்த ஒலிமுறை எவ்வளவு உதவும் என்பது தனியாகச் சோதிக்கப்பட வேண்டிய கேள்வி. ஆனால் ஒலி இல்லாமல், கனவை மாற்றிப் பழகும் சிகிச்சை மட்டுமே நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறோடு போராடிய 168 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அதில் இந்தப் பழக்கம் கெட்ட கனவைக் குறைத்தது, தூக்கத்தையும் மேம்படுத்தியது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2018இல் கெட்ட கனவுக்கான சிகிச்சைகளை வரிசைப்படுத்தியபோது, இதைத்தான் பரிந்துரைக்கும் சிகிச்சை என்று குறித்தது.

2,400 வெள்ளியை இப்போது கொடுக்காதீர்கள்

நீங்கள் அனுப்பிய விளம்பரத்தைப் படித்தேன். "21 இரவில் உத்தரவாதம்" என்று இருக்கிறது. எந்த முறையான சிகிச்சையாளரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டார். இன்ன அதிர்வெண் மனக்காயத்தைச் "சுத்திகரிக்கும்" என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. எல்லாவற்றையும்விட, பகலில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஹார்னை மட்டும் விற்கிறார்கள்.

கைப்பேசியில் இரவு முழுக்க இசையை ஓடவிடுவதும் அந்த ஆய்வில் செய்தது ஆகாது. கனவுத் தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து போகும். விடியும் நேரத்தில்தான் அது நீண்டு வரும். கைப்பேசிக்கு அது தெரியாது. ஆழ்ந்த தூக்கத்திலும் அரைத் தூக்கத்திலும் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே உடைந்திருக்கும் உங்கள் தூக்கத்தை இன்னும் உடைக்கும். இசை கேட்டால் கண் அயரும் என்றால் கேளுங்கள். அரை மணி நேரத்தில் தானாக நின்றுவிடும்படி வைத்துவிடுங்கள்.

"விடியற்காலைக் கனவு பலிக்கும்" என்று நம் வீடுகளில் சொல்வதன் வேரும் இங்கேதான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கனவுத் தூக்கம் விடியலில் அதிகம், உடனே விழித்தும்விடுகிறோம். அதனால் அந்தக் கனவுகள் மட்டும் தெளிவாக நினைவில் தங்குகின்றன. தங்குவதால் பெரிய பொருள் இருப்பதாகத் தோன்றுகிறது. சொன்னால் பலிக்கும் என்ற பயமும் அதிலிருந்து வளர்ந்திருக்கலாம். சகோதரி, நீங்கள் அந்தக் கனவை எனக்கு எழுதிவிட்டீர்கள். ஒன்றும் ஆகவில்லை. சொல்லாமல் வைத்திருந்த இரண்டு ஆண்டுகளில்தான் அது இவ்வளவு பெருத்தது.

அமுக்குவானும் அப்படியே. கனவு காணும்போது எழுந்து ஓடிவிடாதபடி மூளை உடம்பின் தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்கிறது. சில நேரம் கண் முதலில் விழித்துக்கொள்கிறது, தசை விழிக்கக் கொஞ்சம் பிந்துகிறது. அந்த இடைவெளிதான் அமுக்குவான். தூக்கம் கெட்டவர்களுக்கும் ஷிப்டு வேலை செய்கிறவர்களுக்கும் இது அதிகம் வரும். அடுத்த முறை வந்தால் திமிறாதீர்கள். ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்க முயலுங்கள், மூச்சை மெல்ல விடுங்கள். கலைந்துவிடும். திருநீறு பூசிக்கொண்டு படுப்பது உங்களுக்கு அமைதி தருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விட வேண்டாம். இன்னொரு 700 வெள்ளி கேட்டு வருகிறவரிடம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாமியாரிடம் கோபப்படாதீர்கள். அவரும் உங்கள் அலறலைக் கேட்டுப் பயந்துபோய்த்தான் ஓடியிருக்கிறார்.

பகலில் செய்ய வேண்டிய வேலை

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சிகிச்சையின் முக்கால் பங்கு இதுதான்.

பாலத்துக் கனவிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் கடிதத்தில் இன்னொரு கனவும் இருக்கிறது: தொழிற்சாலை வாசலில் அட்டையைத் தட்டுகிறீர்கள், கதவு திறக்கவில்லை, உள்ளே எல்லோரும் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வியர்த்து எழுகிறீர்கள், ஆனால் அலறுவதில்லை. முதல் பயிற்சிக்கு அதுவே சரி. நீச்சல் பழகுகிறவர் கடலில் இறங்குவதில்லை.

வெளிச்சம் உள்ள நேரத்தில், படுக்கையறைக்கு வெளியே உட்காருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கனவைச் சுருக்கமாக எழுதுங்கள். நான்கைந்து வரி போதும். பிறகு நீங்கள் விரும்பும் இடத்தில் அதை மாற்றுங்கள். அட்டை வேலை செய்யலாம். காவலாளி வந்து கதவைத் திறந்து "வாங்கம்மா, மழைக்கு முன்னால் வந்துவிட்டீர்கள்" என்று சொல்லலாம். கதவே இல்லாமல் அங்கே ஒரு தோட்டம் இருக்கலாம். நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வீரமாக இருக்க வேண்டியதும் இல்லை. எழுதிப் படிக்கும்போது உங்கள் தோள் கொஞ்சம் தளர்ந்தால் அது சரியான முடிவு. தளரவில்லை என்றால் மறுபடி மாற்றுங்கள்.

மாற்றிய கனவை, மாற்றியதை மட்டும், தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பழையதை மறுபடி ஓட்ட வேண்டாம். என்ன நிறம், என்ன வாசனை, காலுக்குக் கீழே தரை எப்படி இருக்கிறது என்று உடம்பால் உணர்ந்து பாருங்கள். இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள். ஷிப்டு மாறினாலும் எழுந்த பிறகு ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். பகல் என்று நான் சொல்வது நீங்கள் விழித்திருக்கும் பொழுதை. ஒலி வேண்டும் என்றால் அது சேர வேண்டிய இடம் இந்தப் பத்து நிமிடம்தான்.

என்னிடம் வந்த ஒரு பெரியவர், வெள்ளத்தில் வீடு மூழ்கும் கனவால் வருடக்கணக்கில் தவித்தவர், எழுதிய மாற்றம் ஒரே ஒரு வரி: "தண்ணீர் முழங்காலோடு நின்றது." அவ்வளவுதான். தண்ணீர் வற்றவும் இல்லை, அவர் யாரையும் காப்பாற்றவும் இல்லை. அந்த ஒரு வரியை அவர் தினமும் பழகினார், கனவு விலகத் தொடங்கியது. பெரிய முடிவைத் தேடி நோட்டுப் புத்தகத்தைக் காலியாகவே வைத்திருக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பாலத்துக் கனவை ஒரு சிகிச்சையாளரின் துணையோடு எடுங்கள். நான் தடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் பாலத்தில் ஏறுவதையே விட்டுவிட்டீர்கள். பட்டர்வொர்த்துக்கு வந்து ஃபெரியில் கடந்து, அந்தப் பக்கம் மறுபடி பஸ் பிடித்து, ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வீட்டை விட்டுக் கிளம்புகிறீர்கள். லாரி ஹார்ன் கேட்டால் கை நடுங்குகிறது. தோழியின் அம்மா கைப்பேசியில் அழைத்தால் எடுப்பதில்லை. "நான் இடைவெளி விட்டு ஓட்டியிருந்தால்" என்ற வரி கடிதத்தில் ஆறு இடத்தில் வருகிறது. இவையெல்லாம் சேர்ந்தால் வெறும் கெட்ட கனவு என்று விட முடியாது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது, நேரில் பார்க்க வேண்டும். அதற்கென்றே நல்ல பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன. அவற்றில் கனவு ஒரு பகுதி, பாலம் ஒரு பகுதி, அந்த ஆறு வரிகள் இன்னொரு பகுதி.

கனவை மாற்றினால் அவளை மறந்ததாக ஆகாதா என்று கேட்டீர்கள். கடிதத்தில் என்னை நிறுத்திய கேள்வி இது. நடந்ததை யாராலும் மாற்ற முடியாது, மாற்றச் சொல்லவும் இல்லை. அந்த மழையும் அந்த அதிகாலையும் உங்கள் நினைவில் அப்படியே இருக்கும். ஆனால் உங்களுக்குக் கனவில் வருவது அவள் இல்லை, சகோதரி. தண்ணீரில் மிதக்கும் ஒரு கையுறை. பன்னிரண்டு ஆண்டு உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, உங்களுக்கும் சேர்த்து நாசி லெமாக் வாங்கி வந்தவள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பெண்ணை இந்தக் கனவு இரண்டு ஆண்டாக உள்ளே விடவே இல்லை. கனவின் பிடி தளர்ந்தவர்கள் பலர், இறந்தவரின் முகம் இப்போதுதான் நன்றாக நினைவுக்கு வருகிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். என்ன மாற்றம் எழுதுவது என்பது உங்கள் கையில். மழை சுங்கச்சாவடியோடு நின்றுவிடலாம். பாலம் காலுக்குக் கீழே அப்படியே இருக்கலாம். நீங்கள் குனிந்து கையுறையை எடுத்து, பிழிந்து, பைக்குள் வைத்து, அவள் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

மாத்திரைகளைப் பற்றி, அவசரமாக

புரோப்ரனலால் போன்ற மாத்திரைகளுக்குக் கெட்ட கனவு தெரிந்த பக்கவிளைவு. நான்கு மாதமாகத்தான் கனவு வாரத்தில் இரண்டிலிருந்து நான்காக ஏறியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை தொடங்கியதும் நான்கு மாதத்துக்கு முன்பே. இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் கொடுத்த மருத்துவரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அவர் படிப்படியாகக் குறைப்பார், அல்லது வேறொன்று தருவார்.

அம்மாவின் தூக்க மாத்திரையை இனித் தொடாதீர்கள். அந்த வகை மாத்திரைகள் பல கனவுத் தூக்கத்தை அமுக்கி வைக்கும். விட்ட இரவில் அமுக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து திமிறிக்கொண்டு வரும். மாத்திரை போடாத மறுநாள் கனவு இரட்டிப்பாக வருகிறது என்று நீங்கள் எழுதியதற்கு இதுவே விளக்கமாக இருக்கலாம். கோப்பி குடித்து விழித்திருப்பதும் அதே கதைதான்: தள்ளிப்போட்ட கனவுத் தூக்கம் அடுத்த முறை கூடுதலாக வந்து சேரும். கனவுக்குப் பயந்து தூக்கத்தைத் தள்ளத் தள்ளக் கனவுக்கே பலம் கூடுகிறது. எத்தனை நாளாக மாத்திரையைத் தொடர்ந்து போடுகிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தொடர்ந்து போட்டிருந்தால் அதையும் அவர் மேற்பார்வையில்தான் விட வேண்டும்.

இன்னும் ஒன்று. தூக்கத்தில் நீங்கள் கையை வீசி அடிக்கிறீர்களா, எட்டி உதைக்கிறீர்களா, பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கணவரிடம் கேட்டு வையுங்கள். ஆம் என்றால் அது வேறு பரிசோதனை தேவைப்படும் விஷயம்.

எங்கே போவது, யாரை நம்புவது, வேலை என்னவாகும்

முதலில் உங்கள் பகுதி அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். கனவு, விபத்து, மாத்திரை மூன்றையும் சொல்லி, மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அரசாங்கத்தின் மெந்தாரி சமூக மனநல மையங்களைப் பற்றியும் அங்கேயே கேட்கலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. காத்திருக்கும் வாரங்களில் தொழிற்சாலைக் கதவுக் கனவை வைத்துப் பழகுங்கள்.

தனியாரிடம் போவதென்றால் ஒன்றைச் சரிபாருங்கள். இந்த நாட்டில் மருத்துவ உளவியலாளர்கள் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் வருகிறார்கள். ஆலோசகர்கள் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. முறையானவர் உடனே காட்டுவார். "ஒலி சிகிச்சை நிபுணர்" என்று சுவரில் தொங்கும் சான்றிதழ் இந்தப் பதிவுக்கு ஈடாகாது.

வேலையைப் பற்றி. வெளிநோயாளியாக மனநலப் பிரிவுக்குப் போவது எந்தக் கறுப்புப் பட்டியலிலும் பெயர் ஏறுவது இல்லை. உங்கள் சிகிச்சைக் குறிப்பை உங்கள் சம்மதம் இல்லாமல் முதலாளியிடம் கொடுக்க மருத்துவருக்கு உரிமை இல்லை. மருத்துவ விடுப்புச் சான்று வாங்கினால் மேற்பார்வையாளருக்கு அதைக் காட்டினால் போதும்; கனவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் வேலை செய்திருக்கிறீர்கள், அது உங்கள் உரிமை. தயக்கம் ஒன்றில்தான் எனக்கும் உண்டு: இரவு ஷிப்டை மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் கொடுப்பது. சில மேலாளர்கள் புரிந்துகொள்வார்கள், சிலர் அதையே குறையாக எழுதி வைப்பார்கள். அந்தக் கடிதத்தை உங்கள் மருத்துவர் எழுதட்டும். "மருத்துவக் காரணம்" என்ற அளவில் இருக்கட்டும். உங்கள் தொழிற்சாலையில் தொழிற்சங்கம் இருந்தால் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கணவர் இந்தப் பத்தியைப் படிக்கட்டும். தம்பி, அவர் அலறும்போது தோளைப் பிடித்து உலுக்காதீர்கள். கனவில் விழுந்துகொண்டிருப்பவரை யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். அதுவும் முறிந்து கூடிய தோள். சற்றுத் தள்ளி நின்று விளக்கைப் போடுங்கள், பெயர் சொல்லி மெதுவாகக் கூப்பிடுங்கள், "பிறையில் நம் வீட்டில் இருக்கிறாய்" என்று இடத்தைச் சொல்லுங்கள். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். என்ன கனவு என்று அப்போது கேட்க வேண்டாம். கூடத்தில் படுப்பது உங்கள் தூக்கத்துக்காக என்று அவருக்குத் தெரிகிறது. ஆனாலும் அவர் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அதை நான் கடிதத்தில் படித்தேன், நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள்.

மகள் "அம்மா ஏன் ராத்திரியில் கத்துகிறீர்கள்?" என்று கேட்கிறாள், நீங்கள் "ஒன்றுமில்லை, தூங்கு" என்று சொல்கிறீர்கள். ஒன்றுமில்லை என்பதை ஒன்பது வயதுப் பிள்ளை நம்பாது. "அம்மாவுக்குக் கெட்ட கனவு வருகிறது, டாக்டரிடம் போகப்போகிறேன், உன்னால் வந்தது இல்லை" என்று சொல்லுங்கள். கையுறையும் பாலமும் அவளுக்கு வேண்டாம்.

அவள் கீபோர்டைப் பயன்படுத்தலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. ஜெனீவாவிலும் ஒரு பியானோச் சுரக்கூட்டுதான். ஆனால் அவள் தினமும் மாலையில் வாசித்துப் பழகும் பாட்டிலிருந்து எடுக்காதீர்கள். நீங்கள் வெங்காயம் அரியும்போதும், மேலாளரோடு கைப்பேசியில் வாதாடும்போதும் அது காதில் விழுந்துகொண்டிருக்கும். அப்புறம் அந்த ஒலி எதைக் கூப்பிடும் என்று சொல்ல முடியாது. அவள் பாடத்தில் இன்னும் வராத மூன்று கட்டைகளைச் சேர்த்து ஒரே ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடப் பழக்கத்தின்போது மட்டும், பத்து நொடிக்கு ஒருமுறை, மெல்லிய சத்தத்தில் கேளுங்கள். படுக்கப் போகும்போது ஒரே ஒருமுறை கேட்டுவிட்டுக் கைப்பேசியை அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். வேறு எந்த நேரத்திலும் அதை ஒலிக்கவிடாதீர்கள். அது எதற்கு என்று மகள் கேட்டால், அம்மா தூங்குவதற்கு என்று சொல்லுங்கள்.